மேற்குச் சுவரா, வேப்பமரத்தடியா? சென்னையில் ஹைட்ராஞ்சியாவுக்கு இடமும் மண்ணும்

கேள்வி: மடிப்பாக்கத்தில் தனி வீடு எங்களுடையது. போன வருஷம் ஊட்டிக்குப் போனபோது சாலையோரமெல்லாம் நீலநீலமாய்ப் பூத்திருந்த ஹைட்ராஞ்சியாவைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. பொங்கலுக்கு முன்னால் இளஞ்சிவப்புப் பூவோடு ஒரு செடி வாங்கினேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது. இப்போது பூ காய்ந்துவிட்டது, இலை ஓரமும் கருகுகிறது. தரையில் நட்டுவிடலாமா? வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் மேற்குச் சுவரை ஒட்டி இடம் இருக்கிறது. வீட்டைப் புதுப்பித்தபோது கொட்டிய கட்டட மண்தான் அங்கே. கிழக்கே கிணற்றடியில் வேப்பமரம் நிற்கிறது. ஆனால் மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் தேங்கும். மாடியில் வடக்குப் பார்த்த பால்கனி உண்டு. ஊற்றுவது போர் தண்ணீர். வாளியில் வெள்ளைப் படலம் படியும். எந்த இடம் சரி, மண் எப்படிக் கலக்க வேண்டும், பூவை நீலமாக்க என்ன வழி, காய்ந்த பூவை வெட்டலாமா? வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். தரையில் நட வேண்டாம். மேற்குச் சுவர் ஓரம் வேண்டவே வேண்டாம். செடியைத் தொட்டியிலேயே வைத்து, கோடையில் வேப்பமரத்தடி, அடைமழையில் வடக்கு பால்கனி, மார்கழி தையில் கிழக்கே இளவெயில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஆண்டு முழுவதும் இந்தச் செடிக்குப் பொருந்துகிற ஒரே மூலை நான் பார்த்த எந்தச் சென்னை வீட்டிலும் இல்லை. பருவத்துக்குத் தகுந்தாற்போல் இடத்தை நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும். தரையில் நட்டுவிட்டால் அதற்கு வழியில்லை.

அடுத்து, கேட்க மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் செடிக்காகச் செலவு செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஊட்டியில் நீங்கள் பார்த்த அந்தப் பூக்குவியல் சென்னையில் வராது. மண்ணை எவ்வளவு பக்குவப்படுத்தினாலும் வராது. குறை மண்ணில் இல்லை, நம் ஊர் இரவுகளில் இருக்கிறது.

நர்சரிகளில் கிடைக்கும் அகல இலை ஹைட்ராஞ்சியா, ஹைட்ராஞ்சியா மேக்ரோஃபில்லா என்ற இனம், ஜப்பானைச் சேர்ந்தது. ஒரு பருவத்தில் நீண்ட கிளையின் நுனியிலேயே அடுத்த பருவத்துக்கான பூமொட்டை உள்ளுக்குள் கட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு. அந்த மொட்டு கட்டச் சுமார் ஆறு வாரம் இரவு வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டிய மொட்டு விழித்து மலர, அதற்கு மேலும் சில வாரம் நல்ல குளிர் வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் இதெல்லாம் தானாக நடக்கிறது. பெங்களூரில் ஜனவரி இரவு 15, 16 டிகிரிக்கு இறங்குவதால் அங்கும் ஓரளவு கைகூடுகிறது. சென்னையில் மார்கழிக் குளிர் என்று நாம் போர்வை தேடுகிற இரவுகூடப் பெரும்பாலும் 20, 21 டிகிரிதான். உங்கள் செடி குளிர்ந்த ஊரிலோ, குளிரூட்டிய கூடத்திலோ மொட்டுக் கட்டிவிட்டு இங்கே வந்து மலர்ந்தது. அந்த ஒரு மாதப் பூ, அது அங்கிருந்து கொண்டுவந்த பூ.

ஆகவே சரியாகப் பார்த்துக்கொண்டால் செடி இங்கே பச்சைப்பசேலென்று ஆண்டுக்கணக்கில் இருக்கும். அடுத்த தையில் பூக்கும் என்று மட்டும் நான் உறுதி தர மாட்டேன். புதுக் கிளையிலும் பூக்கிற ரகங்கள் இப்போது உண்டு, அவற்றுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அவைகூட நம் சித்திரை வெக்கையில் சிறுத்து, வெளிறித்தான் பூக்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் உரம் உரமாக எழுதிக் கொடுப்பது சரியில்லை என்பது என் எண்ணம். எத்தனையோ பேர் பூ வரவில்லை என்று டிஏபி, எலும்புத் தூள், பூஸ்டர் என்று கொட்டிக் கொட்டி நல்ல செடியையே கொன்றிருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தும் வளர்க்க ஆசையா? வளருங்கள். இலை அகலமாக, ஓரத்தில் பல்வெட்டோடு, மழை நாளில் பார்க்க அத்தனை குளிர்ச்சியாக இருக்கும்.

இனி இடத்துக்கு வருவோம். இதில்தான் செடியின் ஆயுள் இருக்கிறது.

மேற்குச் சுவரை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். நல்ல வெயில் அடித்த நாளில், இரவு சாப்பாடு முடிந்து எட்டு மணி வாக்கில் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு இறங்கியிருக்காது. பகல் முழுக்க வாங்கிய வெயிலைச் சுவர் இரவு பத்து மணி வரைக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஹைட்ராஞ்சியாவுக்குப் பகல் வெயிலைவிட ஓயாத இரவுச் சூடுதான் பெரிய கெடுதல். போதாததற்கு, வைகாசி ஆனியில் கடற்காற்று வருவதற்கு முன்னால் காலையிலிருந்து மேற்கே இருந்து வீசுகிற வறண்ட காற்று நேரே அந்தப் பக்கம்தான் அடிக்கும். இவ்வளவு பெரிய இலை அந்தக் காற்றில் இழக்கிற தண்ணீரை எந்த வேராலும் ஈடுகட்ட முடியாது. இலை ஓரம் கருகுவது அதனால்தான். உங்கள் போர் தண்ணீரின் உப்பும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

வடக்கு பால்கனியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. வடக்கு என்றால் எப்போதும் நிழல் என்று தோட்டக் குறிப்புகளில் எழுதியிருக்கும். அவை பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவுக்கான குறிப்புகள். சென்னை வடக்கே 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை நடுவிலிருந்து ஆவணி பிறக்கும் வரை இங்கே உச்சி வெயிலே தலைக்கு வடக்கே சாய்ந்துதான் அடிக்கும். அந்த மாதங்களில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் இறங்கும். அதனால் உங்கள் பால்கனியின் கிழக்கு மூலைக்குக் காலை வெயிலும், மேற்கு மூலைக்கு நாலு மணி வெயிலும் நன்றாகவே விழும். ஒருநாள் மாலை மூன்றரை மணிக்குப் பால்கனியில் நின்று வெயில் எதுவரைக்கும் வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் தொட்டி போகக் கூடாது. புரட்டாசியிலிருந்து மாசி வரைதான் அது உண்மையிலேயே நிழல் பால்கனி. மழைக்காலத்துக்கு அது அருமையான இடம். மேலே கூரை இருப்பதால் ஐப்பசி அடைமழையில் தொட்டி ஊறி வேர் அழுகாது, வெளிச்சமும் குறையாது.

வேப்பமரத்தடி நீங்கள் நினைப்பதைவிட நல்ல இடம், ஆனால் தொட்டிக்கு மட்டும். வேப்பிலை வழியாக விழுகிற வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் வரும். மரத்தைச் சுற்றிக் காற்றும் இரண்டொரு டிகிரி குளிர்ந்திருக்கும். கிணற்றடி ஈரமும் சேர்ந்தால் கத்திரி வெயிலைத் தாண்ட உங்கள் வீட்டில் அதைவிட நல்ல மூலை இல்லை. ஆனால் அங்கேயே குழி தோண்டி நட்டால் இரண்டு ஆபத்து. வெயில் காலத்தில் நீங்கள் ஊற்றுகிற தண்ணீரை வேப்பமர வேர் குடித்துவிடும். மழைக்காலத்தில் தேங்குகிற தண்ணீரில் ஹைட்ராஞ்சியா வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். இரண்டு நாள் தண்ணீர் நிற்கும் என்றாலே பெரும்பாலும் அடியில் இறுகிய களிமண் என்றுதான் அர்த்தம். இந்தச் செடிக்கு ஈரம் எப்போதும் வேண்டும், தேக்கம் ஒருநாளும் ஆகாது. தொட்டியை வெறும் தரையில் வைக்காமல் மூன்று செங்கல் போட்டு அதன் மேல் வையுங்கள். அடித் துளை வழியாக வேப்பமர வேர் உள்ளே நுழைவதையும் அது தடுக்கும்.

மார்கழி, தை இரண்டு மாதமும் காலை ஒன்பதரை, பத்து மணி வரை கிழக்கு வெயில் படட்டும். கிளை அப்போதுதான் திடமாகும். முழு நிழலிலேயே வைத்திருந்தால் தண்டு மெலிந்து நீண்டுவிடும்.

மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். சுவரோரம் கொட்டியிருக்கிற கட்டட மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, தட்டில் பரப்பி, கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் உள்ளே சுண்ணாம்பு இருக்கிறது. சிமெண்ட், பூச்சு உதிர்ந்த தூள் எல்லாம் கலந்த மண் அநேகமாகப் பொங்கும். ஹைட்ராஞ்சியா கேட்பது அமிலத்தன்மை உள்ள மண், பி.எச். 5.5 முதல் 6.5 வரை. பி.எச். என்பது மண் அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். சுண்ணாம்பு கலந்த மண் 8-ஐ ஒட்டி இருக்கும். கந்தகத் தூள் போட்டால் இறங்கிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை அமிலமாக மாற்ற வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். உண்டான அமிலத்தை அங்கே இருக்கிற சுண்ணாம்பு உடனுக்குடன் தின்றுவிடும். சுண்ணாம்பு தீரும் வரை பி.எச். இறங்காது. வீட்டுத் தோட்டத்தில் அது தீரவே தீராது. அந்த மண்ணைத் திருத்தப் பார்ப்பது வீண் செலவு.

இதைச் செடியை வைத்தே கண்டுகொள்ளவும் வழி இருக்கிறது. உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது சுவரோரம் இட்லிப் பூச்செடி இருக்கும். அதன் இளம் இலையைப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக வெளிறியிருந்தால் அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடிக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். காரம் மிகுந்தால் இரும்பு கரையாது. இட்லிப் பூவுக்கும் அமில மண்தான் பிடிக்கும், ஆனால் அது நம் ஊர்ச் செடி, தாங்கிக்கொண்டு பூக்கும். அதே மண்ணில் ஹைட்ராஞ்சியா தாங்காது.

அதனால் மண்ணைப் புதிதாகக் கலந்துகொள்வோம். 14 அங்குல மண்தொட்டி ஒன்று வாங்குங்கள். சிமெண்ட் தொட்டி வேண்டாம், அதிலிருந்தே சுண்ணாம்பு கசியும். கறுப்பு குரோ பேக் வெயிலில் கொதித்துப் போகும். மண்தொட்டியில் சுவர் வழியாக ஈரம் ஆவியாவதால் வேர்ப்பகுதி குளிர்ந்திருக்கும். கலவைக்கு, ஒரே பாத்திரத்தால் அளந்து இரண்டு பங்கு கழுவிய தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு நன்றாக மக்கிய இலை மக்கு, ஒரு பங்கு செம்மண், அரைப் பங்கு பெர்லைட் (மண்ணைப் பொலபொலவென்று வைக்கிற லேசான வெள்ளைத் துகள்). பெர்லைட் கிடைக்காவிட்டால் கழுவிய பெருமணல் போதும். நார்க்கழிவுக் கட்டியை வாங்கி அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊறவைத்துப் பிழியுங்கள். பிழிகிற தண்ணீர் கடுந்தேநீர் நிறத்திலிருந்து வெளிர் மஞ்சளாகும் வரை இதைச் செய்ய வேண்டும். செம்மண்ணையும் வினிகர் விட்டுப் பார்த்தே சேருங்கள்; சில லோடுகளில் கட்டட மண் கலந்து வருகிறது.

சென்னை மாடித்தோட்டக்காரர்களின் கை தானாகப் போகிற சில பொருள்கள் உண்டு. முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், உமிச் சாம்பல், சுண்ணாம்பு, எலும்புத் தூள். தக்காளிக்கும் கத்தரிக்கும் இவை பயன்படலாம். இந்தத் தொட்டி இருக்கும் பக்கமே அவை வரக் கூடாது. எல்லாமே மண்ணைக் காரமாக்கும். மண்புழு உரம் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். டீத்தூள் சக்கை அமிலம் என்று சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டு டீயில் பாலும் சர்க்கரையும் இருப்பதால் எறும்புதான் வரும்.

கலவை சரியா என்று பார்க்க பி.எச். தாள் வாங்கிக்கொள்ளுங்கள். 20 கிராம் மண்ணில் 50 மில்லி டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, அரைமணி நேரம் அவ்வப்போது கலக்கி, தெளிந்ததும் தாளை நனைத்துப் பாருங்கள். 6-ஐ ஒட்டி இருந்தால் போதும். இந்த மாசி முடிவதற்குள் செடியை மாற்றிவிடுங்கள். பங்குனி வெயில் ஏறிவிட்டால் வேரைத் தொடக் கூடாது. மாற்றும்போது வேர் உருண்டையின் மேல்மட்டம் முன்பு இருந்த ஆழத்திலேயே இருக்கட்டும். மேலே தேங்காய் மட்டைத் துண்டுகளோ காய்ந்த இலைகளோ மூடாக்காக இரண்டு அங்குலம் பரப்புங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை உங்கள் தண்ணீர்தான். எவ்வளவு கவனமாக மண் கலந்தாலும் வாளியில் படலம் படிகிற போர் தண்ணீரை நாள்தோறும் ஊற்றினால் ஒரே கோடையில் அது காரமாகிவிடும். படலமாகப் படிவதே சுண்ணாம்பு உப்புதான். மண்தொட்டியின் வெளிப்புறத்திலும் சில மாதத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், பாருங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீர் அதைவிட மோசம். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

நல்ல தண்ணீர் உங்கள் வீட்டிலேயே கிடைக்கும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து இறங்குவது. அதில் சுண்ணாம்பு கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவு ஏசி ஓடினால் அரை வாளிக்குக் குறையாது. சித்திரை வைகாசியில் செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும்போதுதான் ஏசியும் அதிகம் ஓடும். இந்தப் பொருத்தம் நமக்குக் கிடைத்த வரம். குழாய் முனையில் ஒரு கேனை வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் பிடித்து மூடி வையுங்கள். மொட்டை மாடியிலிருந்து பிடித்தால் முதல் கால்மணி நேரத் தண்ணீரை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். தளத்தின் தூசியும் சுண்ணாம்பும் அதோடு போய்விடும். இரண்டும் இல்லாத நாளில் மெட்ரோ தண்ணீர் பரவாயில்லை. போர் தண்ணீர்தான் கதி என்றால் ஊற்றுங்கள், செடியைக் காயவிட வேண்டாம். மாதம் ஒருமுறை ஏசித் தண்ணீரைத் தொட்டியின் அடியில் வழிந்து ஓடும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு இலையெல்லாம் தொங்கிப்போய் நிற்கும். பார்த்தால் வயிற்றைப் பிசையும், உடனே ஒரு சொம்பு ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். மூடாக்கை விலக்கி விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆறு மணிக்கு மேல் தானாக நிமிர்ந்துவிடும். இலை இழக்கிற வேகத்துக்கு வேர் கொடுக்க முடியாததால் வருகிற வாட்டம் அது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகி, மறுநாள் காலையிலும் தொங்கும். காலையில் தொங்கினால்தான் ஆபத்து. சென்னையில் ஹைட்ராஞ்சியா தாகத்தால் செத்ததைவிட இப்படி இரக்கப்பட்டு ஊற்றியதால் செத்ததுதான் அதிகமாக என் கண்ணில் பட்டிருக்கிறது.

உரம் கொஞ்சம் போதும். ஆடியிலிருந்து தை வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் அம்மோனியம் சல்பேட் கரைத்து, ஈர மண்ணில் ஊற்றலாம். தழைச்சத்தும் கிடைக்கும், மண்ணின் அமிலத்தன்மையும் நிற்கும். பங்குனி முதல் ஆனி வரை எந்த உரமும் வேண்டாம்.

நீலத்துக்கு வருகிறேன். ஊட்டி மண் இயல்பாகவே அமிலம். தேயிலை அங்கே அவ்வளவு செழிப்பதும் அதனால்தான். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியே ஏறும். இளஞ்சிவப்புக்கும் நீலத்துக்கும் பூவில் இருக்கிற நிறமி ஒன்றேதான். அலுமினியம் வந்து சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் இளஞ்சிவப்பு. பி.எச். 5.5-க்குக் கீழே போனால் நீலம் வரும், 6.5-க்கு மேலே இளஞ்சிவப்பு, இடையில் இரண்டும் கலந்த ஊதா. வெள்ளை ரகத்தில் அந்த நிறமி இல்லாததால் அது என்ன செய்தாலும் மாறாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை நனைத்துவிட்டு, இலையில் படாமல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். கூடுதலாகப் போட்டால் வேர் கருகும். கூடவே மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் போட்டால் அது அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிடும். டிஏபியும் எலும்புத் தூளும் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஆனால் மலர்ந்துவிட்ட பூவை நீலமாக்க முடியாது. மொட்டு உருவாகும்போதே அலுமினியம் உள்ளே போயிருக்க வேண்டும். மொட்டே நிச்சயமில்லாத ஊரில் படிகாரத்துக்கு இப்போது அவசரம் இல்லை. கிளை நுனியில் உருண்டையாக, இலை மொட்டைவிடப் பருத்து ஒன்று தெரிந்தால் அன்றைக்குத் தொடங்குங்கள். நீலம் கட்டாயம் வேண்டும் என்றால் மார்கழியில் நீல மொட்டு பாதி விரிந்த செடியாகப் பார்த்து வாங்கிக்கொள்வதே நல்லது. நாம் இதழ் என்று நினைக்கிறவை உண்மையில் புல்லிவட்டம், அதாவது மற்ற பூக்களில் இதழுக்கு வெளியே பச்சையாக இருக்கிற உறை. அதனால்தான் மற்ற பூக்கள் போல இரண்டு நாளில் உதிராமல் வாரக்கணக்கில் நிற்கிறது. குளுமையான இடத்தில் வைத்தால் ஒன்றரை மாதம்கூட வரும். தை, மாசி முடிந்ததும் குன்னூரிலோ ஏற்காட்டிலோ பெங்களூரிலோ உறவினர் இருந்தால் செடியை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள், அங்கே அது மரியாதையாக வாழும்.

காய்ந்த பூவை இப்போதே வெட்டிவிடுங்கள். பூக்கொத்துக்குக் கீழே முதல் ஜோடி இலை தெரியும். இலைக் காம்பின் இடுக்கில் குண்டு மொட்டு இருக்கும். அதற்கு அரை அங்குலம் மேலே வெட்டுங்கள், போதும். ஆவணிக்கு மேல் கத்தரிக்கோல் வைக்காதீர்கள்; மொட்டுக் கட்ட ஒரு வாய்ப்பு இருந்தால் அதைக் கிளையோடு வெட்டி எறிந்ததாகிவிடும். ஓரம் கருகிய இலைகளைப் பறிக்க வேண்டாம். பாதி பச்சை இருந்தாலும் அது செடிக்குச் சோறு போடும்.

நாய்க்குட்டியைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. ஹைட்ராஞ்சியாவின் இலை, மொட்டு எல்லாவற்றிலும் நச்சுத்தன்மை உண்டு. கடித்துத் தின்றால் வாந்தி, பேதி வரும். குட்டிக்குப் பல் முளைக்கிற வயசு என்றால் கண்டதையெல்லாம் கடிக்கும். வேப்பமரத்தடியில் தொட்டியை ஒரு கல்மேடை மேலோ பழைய ஸ்டூல் மேலோ எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டிப்போடுகிற தழையையும் தரையில் விடாமல் அள்ளிவிடுங்கள். குட்டி தின்றுவிட்டதாகத் தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட் பக்கத்து மேற்குச் சுவர் ஓரத்தைச் சும்மா விட வேண்டாம். உங்கள் மனசில் நிற்பது நீல நிறம் என்றால் அங்கே நீலப் பிளம்பேகோ நடுங்கள். நர்சரியில் அந்தப் பெயரிலேயே கொடுப்பார்கள். வெளிர் நீலத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், சென்னை வெயில்தான் அதற்குத் தெம்பு. ஒன்றரை அடி ஆழத்துக்குக் கட்டட மண்ணை அள்ளி எடுத்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் போட்டு, சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி நடுங்கள். வேர் பிடிக்கும் வரை ஒரு மாதம் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினால் போதும், அதற்கப்புறம் போர் தண்ணீரைக்கூடப் பொறுத்துக்கொள்ளும். பூத்து முடிந்த கிளைகளை அவ்வப்போது பாதிக்கு வெட்டிவிட்டால் மறுபடி மறுபடி துளிர்த்துப் பூக்கும். ஆனி, ஆடியில் நட்டால் கார்த்திகை மழைக்குள் வேர் நன்றாக ஓடிவிடும்.